பைத்தன் வட்டத்தில் வடசேரி, தென்சேரி

கேள்வி: உயர்தரத்தில் ஐ.சி.ரி. படித்த நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு வருசத்துக்கு முன் பைத்தன் என்ற கணினி மொழியைப் பழக ஒரு பைத்தன் வட்டம் தொடங்கினோம். ஒரு கட்டத்தில் 25 பேர் வரை வந்தார்கள். இப்போது ஏழெட்டுப் பேர்தான். ஒலுவில் கம்பஸில் படிக்கும் ஒரு தம்பி ரஸ்ட் என்ற இன்னொரு மொழி பழகிக்கொண்டு வந்து, பைத்தன் சின்னப்பிள்ளைகளின் மொழி என்கிறார். கல்முனையில் கடைகளுக்கு வெப்சைட் செய்து உழைக்கும் ஒரு நானா தான் பாவிக்கும் பி.எச்.பி. மொழி பற்றிக் கதைத்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் பிறகு வரவே இல்லை. பழைய ஆக்களோ, “பேரே பைத்தன் வட்டம், வேற மொழி கதைக்கிறதெண்டா வேற இடம் பாருங்க” என்கிறார்கள். பேரை மாற்றிப் பொதுவான கணினி வட்டம் ஆக்கட்டுமா? ஒரு மொழிக்கு விசுவாசமாக இருப்பதே பிழையா? தை மாதம் நான் வேலைக்குக் கொழும்பு போகிறேன். அதற்குப் பிறகு இது நிலைக்குமா என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, பேரை மாற்றவேண்டாம். அந்தக் கல்முனை நானாவை இந்தக் கிழமைக்குள் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டில் அவசரமானது இரண்டாவதுதான், ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

சிரித்தவர்கள் தினமும் பாவிக்கும் தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது பி.எச்.பி.யில். ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளமும் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் நிற்கிறது. அதுவும் பி.எச்.பி. ஒரு புடவைக்கடைக்காரர் வாங்கக்கூடிய மலிவான ஹோஸ்டிங்கில் பி.எச்.பி. கோப்பை உரிய ஃபோல்டருக்குள் போட்டாலே பக்கம் திறந்துவிடும். பைத்தன் என்றால் பின்னால் ஒரு புரோசஸ் ஓயாமல் ஓடவேண்டும். அதை வெப்சேவருடன் இணைக்க டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற ஏற்பாடும் வேண்டும். மலிவான திட்டங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை, இருந்தாலும் ஒதுக்கித் தரும் மெமரி போதாது. அந்த நானா தன் வாடிக்கையாளரின் காசுக்குப் பொருத்தமான மொழியைத் தெரிவு செய்திருக்கிறார். அது தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை.

போகும்போது தனியே போகாமல், சிரித்தவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். “திரும்ப வாங்க நானா” என்று மட்டும் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார், வரமாட்டார். குறிப்பான ஒன்றைக் கேளுங்கள்: டொமைன் வாங்குவதிலிருந்து கடைக்காரர் மறுவருசம் புதுப்பிக்காமல் விடும் வரை ஒரு வெப்சைட் வேலையில் நடப்பதை 20 நிமிடத்தில் சொல்லித்தர முடியுமா என்று. உங்கள் வட்டத்தில் அதைச் சொல்லக்கூடிய வேறு ஆள் இல்லை.

விசுவாசம் பிழையா என்ற கேள்விக்கு வருவோம். பிழையில்லை. மொழிகள் உயிரோடு இருப்பதே அதனால்தான். 1991இல் பைத்தன் வெளிவந்தபோது அதற்குப் பின்னால் பெரிய கம்பனி ஒன்றும் நிற்கவில்லை; நெதர்லாந்தின் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கைடோ வான் ரொசம் எழுதிய மொழி அது. தூக்கி வளர்த்தது பாவித்த ஆக்கள். பைத்தனின் முக்கிய உருவாக்குநர்களில் ஒருவரான பிரெட் கனன் சொன்ன வாசகம் ஒன்று அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும்: மொழிக்காக வந்தேன், இங்குள்ள ஆக்களுக்காக நின்றுவிட்டேன். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குணமும் வந்து சேர்கிறது. ஒரு வேலையைச் செய்யப் பல வழி உண்டு என்பது பேர்ள் ஆக்களின் பெருமை. பளிச்சென்று தெரியும் வழி ஒன்றே இருக்கட்டும் என்பது பைத்தன் ஆக்களின் பிடிவாதம். ரூபி ஆக்களோ, அதை உருவாக்கிய மட்ஸ் நல்ல மனிசர், ஆகவே நாங்களும் நல்லபடி நடப்போம் என்பார்கள். தொடங்கிய ஆளின் குணம் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லடியில் ஒட்டியிருப்பது உங்கள் ஒன்பது பேரின் குணம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பிழை எங்கே என்றால், அந்த விசுவாசத்தை எதில் செலவழிக்கிறீர்கள் என்பதில். கண்ணகி அம்மன் கோயில் கொம்பு விளையாட்டு உங்களுக்குத் தெரியும். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நிற்கும். மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். மற்றப் பக்கத்தைப் பழித்துப் பாட்டும் படிப்பார்கள். ஆனால் மழை பெய்யவேண்டும், நோய்நொடி விலகவேண்டும் என்ற வேண்டுதல் இரண்டு சேரிக்கும் ஒன்றுதான். உங்கள் வட்டத்தில் இரண்டு சேரியும் இருக்கிறது, கொம்பும் இருக்கிறது, பழித்துப் பாடுவதும் ஒழுங்காக நடக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய அம்மனைத்தான் காணவில்லை. அதாவது, எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை.

அப்படி ஒரு வேலை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவிப் பொருட்கள் எல்லாவற்றையும் பதிய இலங்கைத் தொண்டர்கள் அவசர அவசரமாக எழுதிய திறந்த மூல மென்பொருள்தான் சஹானா. முதலில் எழுதியது பி.எச்.பி.யில். பிறகு சஹானா ஈடன் என்ற பெயரில் பைத்தனில் புதிதாக எழுதப்பட்டு, வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. மொழி மாறியது, வேலை தொடர்ந்தது. பைத்தன் கட்சியும் பி.எச்.பி. கட்சியும் இந்த ஒன்றில் உரிமை கொண்டாடலாம்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: மட்டக்களப்பு. இதில் எத்தனை எழுத்து? விரல் மடித்து எண்ணினால் 8. இப்போது ஒவ்வொரு மொழிக்காரரையும் தன் மொழியில் எண்ணச் சொல்லுங்கள். பைத்தனில் நீளம் சொல்லும் லென் 12 என்னும். ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த்தும் 12. பி.எச்.பி.யின் எஸ்.டி.ஆர்.லென் 36 என்னும். பைத்தன்காரர்கள் இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரஸ்ட் தம்பியின் லென்னும் 36தான் தரும்.

காரணத்தை அங்கேயே பிரித்துக் காட்டுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் க் என்பது ஒரு குறியல்ல. க ஒன்று, புள்ளி ஒன்று. பு என்றால் ப ஒன்று, உகரக் குறி ஒன்று. அப்படி எண்ணினால் 12. அந்தக் குறிகளைக் கோப்பில் சேமிக்கும் யூ.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும், ஆகவே 36. எந்த மொழியும் பொய் சொல்லவில்லை. ஒன்று பைட்டை எண்ணுகிறது, மற்றது குறியை எண்ணுகிறது. நாங்கள் கேட்ட எழுத்தை யாரும் எண்ணவில்லை.

சரியான 8ஐ யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நானாவாகத்தான் இருக்கும். பி.எச்.பி.யின் இன்ட்ல் நீட்சியில் கிராஃபீம் எஸ்.டி.ஆர்.லென் என்ற செயற்கூறு தயாராக இருக்கிறது. சொந்தக் கணினியில் பி.எச்.பி. ஓட்ட எக்ஸாம்ப் என்ற தொகுப்பைப் போட்டவர்களுக்கு அது வேலை செய்யாவிட்டால், பி.எச்.பி.யின் ஐ.என்.ஐ. கோப்பில் இன்ட்ல் வரிக்கு முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை அழித்துவிட்டு அப்பாச்சி வெப்சேவரை மீள இயக்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. ரஸ்ட்டில் யூனிகோட் செக்மென்டேசன் என்ற கிரேட்டை, அதாவது பொதியை, தனியே இறக்கவேண்டும். பைத்தனிலும் லென் மாதிரி நேரே எண்ணித் தரும் செயற்கூறு கூடவே வருவதில்லை. ஆனால் யூனிகோட்டேட்டா மொடியூலில் ஒவ்வொரு குறியின் வகையையும் கேட்டு, எம் என்று தொடங்கும் வகைகளை, அதாவது புள்ளியையும் உயிர்க்குறிகளையும், தவிர்த்து எண்ணினால் ஐந்து வரியில் 8 வந்துவிடும். க்ஷ, ஸ்ரீ வரும் சொற்களில் இது ஒன்று கூடுதலாக எண்ணும். அதைக் கண்டுபிடிப்பதை ஒரு புதிய பிள்ளையிடம் விடுங்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு அகரவரிசை. கமலா, கனகா என்ற இரண்டு பேரைப் பைத்தனில் சோர்ட் செய்தால் கனகா முதலில் வருவாள். யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது; நமது நெடுங்கணக்கில் அதுதான் கடைசி. அதேபோல பக்தி, பகல் என்றால் அகராதியில் பக்தி முன்னால் வரும், கணினியில் பகல் முன்னால் வரும். புள்ளியின் எண் எல்லா மெய்களையும்விடப் பெரியது. பி.எச்.பி.யிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் தமிழுக்கான கொலேட்டரை, அதாவது அகரவரிசைப்படுத்தும் கருவியை, கேட்டால் சரியாக அடுக்கித் தரும். பைத்தனில் பை.ஐ.சி.யு. என்ற பொதி வேண்டும். விண்டோஸில் அதை நிறுவப் போய்ப் பாதி நேரம் கம்பைலர் பிழையில் போகும், ஆகவே நெடுங்கணக்கை ஒரு பட்டியலாக எழுதி, அதை வைத்துச் சோர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு கீ எழுதுவது நல்லது. பள்ளிக்கூட இடாப்பு, வாசிகசாலைப் புத்தகப் பட்டியல், கோயில் உபயகாரர் பட்டியல், பள்ளிவாசல் சந்தாப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இது உடனே பயன்படும்.

மூன்றாவதாக, கொக்கட்டிச்சோலை. இதில் கொ, சோ இரண்டிலும் உள்ள உயிர்க்குறிகளை ஒரே குறியாகவும் பதியலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒன்றின் நீளம் 15, மற்றதன் நீளம் 17. இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டச்சுச் செய்த பட்டியலைச் சேர்த்தால் ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும். எண்ணுவதற்கு முன், இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் என்.எஃப்.சி. முறையில் நோர்மலைஸ் செய்தால் தீரும். இதற்குப் பிறகு, கந்தோர்களில் குவிந்து கிடக்கும் பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலைக்குப் போகலாம். அது ஒரு வருசத்துக்குக் காணும்.

பழைய ஆக்கள் பைத்தனுக்காகச் சண்டை பிடிக்க விரும்பினால் நியாயமான காரணம் ஒன்றைக் கொடுங்கள். பைத்தன் 2இல் யூ.ரி.எஃப்-8 கோப்பில் சாதாரண மேற்கோளுக்குள் மட்டக்களப்பு என்று எழுதினாலும் 36தான் வரும். 2008 டிசம்பரில் வந்த பைத்தன் 3இல்தான் சாதாரணச் சரமே யூனிகோட் ஆனது. மாறிப்பேரைத் தமிழில் விலை என்று வைக்கவும் முடிந்தது. அதற்காகப் பழைய நிரல்கள் உடைந்தன, சமூகம் பல வருசம் இரண்டுபட்டு நின்றது, 2020 ஜனவரி 1இல்தான் பைத்தன் 2இன் ஆதரவு முடிந்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களுக்கு அது தொல்லை. நமக்கு அது இலாபம்.

அவர்களின் பற்றுக்கு ஒரு வடிகாலும் இருக்கிறது. பைத்தன் ஆவணங்களை மொழிபெயர்ப்பதற்கான ஒழுங்குகள் பெப் 545இல் உள்ளன. பெப் என்பது பைத்தன் சமூகத்தின் முன்மொழிவு ஆவணம். பயிற்சிநூல் முழுவதும், உள்ளமைந்த செயற்கூறுகளின் பக்கம், பிழைகளை அறிவிக்கும் பக்கம் ஆகிய மூன்றும் முடிந்தால்தான் ஒரு மொழி ஆவணத் தளத்தின் மொழித் தெரிவில் ஏறும். மொழிபெயர்ப்புக்கான பி.ஓ. கோப்புகளை போஎடிட் என்ற மென்பொருளில் திறந்து பந்தி பந்தியாகச் செய்யலாம். எங்கள் பாடப்புத்தகம் செய்நிரல் என்பதைத் தமிழ்நாட்டில் நிரல் என்பார்கள். முதல் நாளே ஒரு சொற்பட்டியல் போடாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் சண்டை வரும்.

ரஸ்ட் தம்பியை அடக்கவேண்டாம். புதிதாக ஒரு மொழி பிடித்தவருக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும், தானாகத் தணியும். அதுவரை அவருக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். உண்மையில் எல்லோருக்கும்: தன் மொழியைப் பற்றிப் பேச வருபவர், அதில் தனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும். மற்ற மொழியின் குறையை அந்த மொழியில் உழைப்பவர் மட்டும் சொல்லலாம். பைத்தனின் இயக்கியே சி மொழியில் எழுதப்பட்டது என்பதையும், பைத்தன்காரர்கள் இன்று விரும்பிப் பாவிக்கும் ரஃப், யூ.வி. போன்ற கருவிகள் ரஸ்ட்டில் எழுதப்பட்டவை என்பதையும் இரண்டு கட்சிக்கும் நினைவூட்டுங்கள். அப்புறம், முதல் கூட்டத்தில் மொழிவாரியாக இருந்தவர்களை இரண்டாவது கூட்டத்தில் கலைத்துப் போடுங்கள். தம்பி நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து பி.எச்.பி. எழுதட்டும்.

ஆட்கள் குறைவதற்கு மொழிச்சண்டையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கக்கூடும்: “என்ன, இதுவும் தெரியாதா?” என்ற கேள்வி. நியூயோர்க்கிலுள்ள ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாக்கப் பயிலிடம் இப்படி ஆச்சரியப்படுவதையே விதி போட்டுத் தடுத்திருக்கிறது. கேட்டவர் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார், அடுத்த மாதம் வரவும் மாட்டார். உங்கள் முதல் விதியும் அதுவாக இருக்கட்டும். இரண்டாவது விதி, உதவி செய்பவர் மற்றவரின் கீபோர்ட்டைத் தொடக்கூடாது. வாயால் சொல்லலாம், கடதாசியில் எழுதிக் காட்டலாம். ஒரு லப்டொப்புக்கு மூன்று பேர். நாலாவது ஆள் ஃபோனை நோண்டத் தொடங்கிவிடுவார். விதிகளை மூன்று வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மீறினால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் பெயரையும் அதிலேயே போடுங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். நடத்துபவர்களுக்கும் அது பொருந்தும் என்பதையும் எழுதுங்கள். ரஸ்ட் சமூகத்தில் ஒழுங்கு பார்த்த குழு 2021 நவம்பரில் கூட்டாக விலகியது, மேலே இருந்த குழுவை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை என்று சொல்லித்தான்.

நாள் விஷயத்தில் என் தெரிவு போயா தினம், பின்னேரம் 3 மணி முதல் 5.15 வரை. சனி ஞாயிறு ரியூசனோடு போட்டி போட ஏலாது. ஞாயிறு காலை தேவாலயம் இருக்கிறது. போயா எல்லோருக்கும் லீவு, திகதியை ஒவ்வொரு முறையும் பேசித் தீர்மானிக்கத் தேவையில்லை. போயா வெள்ளியில் வந்தாலும் ஜும்ஆ முடிந்து வர 3 மணி வசதி. பெண்பிள்ளைகள் இருட்ட முன் பஸ் எடுக்கலாம். வைகாசி போயாவை விட்டுவிடுங்கள், கண்ணகி அம்மன் குளிர்த்தியில் பாதிப் பேர் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் 4.30க்கு முடியுங்கள், பிளேன்ரீயும் பணிசும் அன்றைக்கு வேண்டாம்.

வருகிறவர்களை டேட்டா செலவழிக்க வைக்காதீர்கள். பைத்தன் நிறுவியையும் தேவையான பொதிகளையும் முன்கூட்டியே பிப் டவுன்லோட் கட்டளையால் இறக்கி இரண்டு பென் டிரைவில் வைத்திருங்கள். விண்டோஸில் நிறுவும்போது பாத்தில் சேர்க்கும் பெட்டியில் சரி போட மறப்பதுதான் முதல் நாள் தொல்லைகளில் பாதி. மற்றப் பாதி தமிழால் வரும்: கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யூ.ரி.எஃப்-8 என்று எழுதாவிட்டால் சார்மேப் என்று ஒரு பிழை வந்து நிற்கும், எக்செலில் திறக்கவேண்டிய சி.எஸ்.வி.யை யூ.ரி.எஃப்-8-சிக் என்று சேமிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கிறுக்கலாகத் தெரியும்.

இனி, நீங்கள் கொழும்பு போவது. ஒரு வட்டம் படுப்பது அநேகமாக இதில்தான். தொடங்கியவர் போவார், சாவியும் வட்ஸ்அப் அட்மின் பொறுப்பும் அவரோடு போகும். பைத்தனுக்கே இது நடந்தது. பெப் 572 பற்றிய சண்டையில் களைத்துப்போன கைடோ 2018 ஜூலையில் தலைமையை விட்டு விலகினார், தனக்குப் பின் யார் என்றும் சொல்லவில்லை. உருவாக்குநர்கள் பல மாதம் விவாதித்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் சபையைத் தேர்தலில் தெரிவு செய்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்கக்கூடாது என்பது விதி. உங்களுக்கு மூன்று பேர் காணும். இரண்டு பேர் ஒரே பள்ளிக்கூடமாகவோ ஒரே ஊராகவோ இருக்கவேண்டாம். நானா சம்மதித்தால் அவர் ஒருவர். மூவரும் பைத்தன்காரராக இருக்கத் தேவையில்லை. ஆனால் புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் பைத்தன் சொல்லிக்கொடுப்பது என்று ஒப்புக்கொள்ளட்டும். உயர்தரப் பாடத்திட்டத்தில் இருப்பது அதுதான், பேரை மாற்றவேண்டாம் என்று நான் சொன்னதற்கும் அதுதான் காரணம். பொதுவான கணினி வட்டம் என்று போட்டால் ஃபோன் திருத்தவும் பிரிண்டர் மை கேட்டும் ஆக்கள் வருவார்கள்.

தையில் கையளிக்காமல் புரட்டாசியிலேயே கையளியுங்கள். ஐப்பசி தொடங்கினால் மழை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து கூட்டம் நின்றால், புதியவர்கள் ஒருமுறைகூடத் தாங்களாக நடத்திப் பார்க்காமலே நீங்கள் பஸ் ஏறவேண்டி வரும். புரட்டாசிப் போயாவை அவர்கள் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசைக் கதிரையில் இருந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். மண்டபச் சாவியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.